மூடியைத் தள்ளிய போத்தல்: மலையக வீடொன்றில் மூலிகை ஷாம்பு கெட்டதற்கான காரணங்கள்

ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் எனப்படும் வரிசை வீடொன்றில் அப்பா, அம்மா, பாட்டி, பாடசாலை போகும் மகள் என்று நான்கு பேர். காலம் ஜூன். தென்மேல் பருவமழை இறங்கி, பகலிலும் மூட்டம் விலகாத நாட்கள். ஷாம்பு பைக்கற்றுக்கு வாராவாரம் போகும் காசை மிச்சப்படுத்தவும், மகளின் தலையில் உதிர்ந்துகொண்டிருந்த பொடுகுக்கு ஒரு வழி பார்க்கவும் வீட்டிலேயே மூலிகை ஷாம்பு காய்ச்சினார்கள்.

செய்முறை கைத்தொலைபேசியில் பார்த்த காணொளி ஒன்றிலிருந்து வந்தது. பூந்திக்கொட்டை 100 கிராம், சீயக்காய் 100 கிராம், வெந்தயம் 3 மேசைக்கரண்டி, சோற்றுக் கற்றாழை ஒரு மடல் தோலோடு, செவ்வரத்தை இலை 2 கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. அத்தனையையும் ஒன்றரை லீற்றர் தண்ணீரில் அலுமினியச் சட்டியில் கொதிக்கவைத்து, ஆறியதும் பூந்தியின் கொட்டைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை பிளெண்டரில் அடித்து, தேயிலை வடியில் வடித்தார்கள். கெடாமல் இருக்கட்டும் என்று விற்றமின் ஈ குளிசை இரண்டை உடைத்து ஊற்றினார்கள். தீர்ந்துபோன ஷாம்புப் போத்தல்கள் இரண்டைக் குழாய்த் தண்ணீரில் அலசி, அதில் நிரப்பி, குளிக்கும் இடத்து ஜன்னலில் வைத்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டியாக, பளபளப்பாக, கடையில் விற்பதைப் போலவே இருந்தது.

முதல் குளியலில் நுரை வந்தது, ஆனால் முடி காய்ந்த பிறகு பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்றாம் நாள் மூடியைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறியது. ஐந்தாம் நாள் புளித்த வாடை. கெட்டியாக இருந்த திரவம் தண்ணீராக இளகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதையே தேய்த்துக் குளித்த மகளுக்கு உச்சியிலும் பிடரியிலும் அரிப்பு. கண்ணிலும் பட்டு அரை நாள் சிவந்திருந்தது. “பூந்திக்கொட்டை நம்ம தலைக்கு ஒத்துக்காது” என்று பாட்டி முடிவு கட்டிவிட்டார்.

பூந்திக்கொட்டை மேல் விழுந்த பழியில் பாதிகூட அதற்குச் சேராது. ஒட்டியது, பொங்கியது, அரித்தது, கண் எரிந்தது என்று நான்கு குறைகள் இங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நான்குக்கும் காரணம் வேறு. கண் எரிச்சலுக்கு பூந்தி நேரடிப் பொறுப்பு. அரிப்பில் அதன் மேல் சந்தேகம் மட்டும். மற்ற இரண்டும் மலைநாட்டின் குளிரையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காததால் வந்தவை.

போத்தல் ஏன் பொங்கியது

மூலிகையைக் காய்ச்சி எடுத்த சாறு என்பது சர்க்கரையும் பிசினும் புரதமும் ஊறிய தண்ணீர். நேற்று வைத்த ரசத்தை ஒரு வாரம் ஜன்னலில் வைத்திருந்து யாரும் குடிப்பதில்லை. இந்தப் போத்தலில் இருந்ததும் அதே ரகச் சரக்குத்தான். கற்றாழைக் கூழ், வெந்தயப் பிசின், செவ்வரத்தை இலையின் வழுவழுப்பு எல்லாமே நீண்ட சங்கிலியாகக் கோத்த சர்க்கரைகள். முடிக்கு வழவழப்பைக் கொடுப்பதும் அவையே, நுண்ணுயிருக்குச் சாப்பாடாவதும் அவையே. மதுவப் பூஞ்சை (ஈஸ்ட்) அதைத் தின்று காற்றை விட்டது. அதனால் மூடி தள்ளியது. பற்றீரியா அமிலத்தை விட்டது; அதனால் புளித்தது. இரண்டின் நொதியங்களும் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டியதால் கெட்டித்தன்மை போய் இளகியது. வீட்டு ஷாம்பு திடீரென்று இளகினால், வாடை வராவிட்டாலும் கெட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். எங்கள் கணிப்பில் மூக்கைவிட இது நம்பகமான அடையாளம், ஏனென்றால் சீயக்காயின் சொந்த வாடையே ஆரம்பப் புளிப்பை மூடிவிடும்.

“இங்கே எப்போதும் குளிர்தானே, எப்படிக் கெடும்?” என்று மலையகத்தில் கேட்காதவர் இல்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது 4 பாகை. நடுவிலுள்ள 12 பாகை வித்தியாசத்தில் பூஞ்சணம் சுகமாக வளரும். லயத்துச் சுவரில், பெட்டிக்குள் மடித்து வைத்த துணியில், தோல் செருப்பில் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொழும்பு வெயிலில் இரண்டு நாளில் கெடுவது இங்கே நான்கு நாள் தாங்கும். மலைக்குளிர் தரும் சலுகை அவ்வளவே.

நன்றாகக் கொதித்ததே என்பது அடுத்த கேள்வி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஹட்டன் உயரத்தில் சுமார் 96 பாகை, நுவரெலியாவில் சுமார் 94. உயிரோடு இருக்கும் கிருமிகளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். ஆனால் சில கிருமிகள் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். அவை கொதிநீருக்குச் சாவதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை கொதித்த பிறகு வந்தது. ஆறிய சாறு கழுவாத பிளெண்டர், தேயிலை வடி, பழைய போத்தல் என்று மூன்று இடத்தில் புதிதாகக் கிருமி ஏற்றிக்கொண்டது. பழைய ஷாம்புப் போத்தலின் கழுத்து மடிப்புக்குள்ளும் பம்பின் குழாய்க்குள்ளும் எந்தத் தூரிகையும் போகாது. கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

விற்றமின் ஈ பற்றி ஒரே வரி: அது எண்ணெய் காறாமல் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. வேப்பிலை, ரோஸ்மேரி எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் இரண்டு சொட்டு என்று சொல்லப்படுபவையும் வீட்டு அளவில் போத்தலைக் காப்பாற்றாது.

வாடையைச் சகித்துக்கொண்டால் போயிற்று என்றும் இருக்க முடியாது. தண்ணீர் கலந்த அழகுப் பொருட்களில் வளரும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா கண்ணில் சேர்ந்தால், குறிப்பாகக் கண்ணில் சிறு கீறல் இருந்தால், பார்வையையே கெடுக்கக்கூடிய தொற்றை உண்டாக்கும். புளித்த போத்தலை முடியில் தேய்த்துத் தீர்க்க நினைப்பது அந்தக் காசுக்குப் பெறாத வேலை.

முடி ஒட்டியது எண்ணெயால்

வீட்டில் எல்லோரும் சந்தேகப்பட்டது வெந்தயத்தை. வெந்தயம் அளவுக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் முதல் குற்றவாளி தேங்காய் எண்ணெயும் பீலித் தண்ணீரும் (பீலி என்பது மலை ஊற்று நீர் விழும் குழாய்). முதல் நாள் இரவு தலை நிறைய எண்ணெய் வைத்து, மறுநாள் காலை பீலியில் குளிப்பது அந்த வீட்டின் வழக்கம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். மலைநாட்டில் காலையில் எண்ணெய்ப் போத்தலை வெயிலிலோ அடுப்படியிலோ வைத்து உருக்குவது அன்றாட வேலை. அதே எண்ணெய் 20 பாகைக்கும் குறைந்த பீலித் தண்ணீர் பட்டால் முடியின் மேலேயே உறைகிறது. பூந்தியிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் மென்மையான அழுக்கு நீக்கி. உருகிய எண்ணெயைப் பிடித்து இழுக்கும் அதற்கு, உறைந்த எண்ணெயைக் கரைக்கும் வலு இல்லை. கடை ஷாம்பு குளிர்ந்த நீரிலும் ஓரளவு சமாளிப்பது அதிலுள்ள சல்பேற்றின் வலுவால். அந்தப் பழக்கத்தோடு மூலிகைக்கு வந்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒட்டுவது எண்ணெயா, மூலிகைத் தூளா என்று பிரித்தறிவது எளிது. காய்ந்த முடிக் கற்றை ஒன்றை மெல்லிய காகிதத்தில் வைத்து அழுத்துங்கள். ஒளி ஊடுருவும் கறை விழுந்தால் எண்ணெய். கறை இல்லாமல் சீப்பின் பல்லில் வெண்மையாகவோ பழுப்பாகவோ மாவு சேர்ந்தால், வடிகட்டியில் தப்பிய தூள். இந்த வீட்டில் இரண்டும் இருந்தன. தேயிலை வடியின் கண்கள் சீயக்காய் நாரைப் பிடிக்கும், பிளெண்டரில் அரைபட்ட தூளைப் பிடிக்காது.

தண்ணீரின் கடினத்தன்மை மேல் பழி போடுவதற்கு மலையகத்தில் இடமில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரில் சவர்க்காரம் திரிந்து படியும். பளிங்குருப் பாறைக்கு மேல் ஓடும் மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர். போதாததற்கு, சவர்க்காரம் போல சபோனின் சுண்ணத்தோடு சேர்ந்து திரிவதும் இல்லை. ஆகவே ‘தண்ணீரை மென்மையாக்க’ அப்பச்சோடா போடச் சொல்லும் குறிப்புகளைக் கடந்து போய்விடலாம். உச்சந்தலைத் தோலின் பி.எச். (அமில-கார) அளவு சுமார் 5.5. பூந்திச் சாறும் சீயக்காய்ச் சாறும் இயல்பிலேயே இலேசான அமிலம், தோலுக்கு இசைந்தவை. அப்பச்சோடா அதைக் காரத்தின் பக்கம் தள்ளி, முடியின் மேல் செதில்களை விரியவைத்து, முரடாக்கும். சந்தேகமுள்ளவர்கள் சிவப்புச் செவ்வரத்தை இதழை வெந்நீரில் ஊறவைத்து அதில் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பார்க்கலாம்: நிறம் பச்சைக்கு ஓடும். தேசிக்காய்ச் சாறு விட்டால் அடர் இளஞ்சிவப்பாகும்.

அரிப்பும் கண் எரிச்சலும்

கற்றாழை மடலைத் தோலோடு போட்டதே அரிப்பின் முதல் சந்தேகம். தோலுக்கும் கூழுக்கும் நடுவே ஓடும் மஞ்சள் பால் பலருக்குத் தோலை அரிக்கும். மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே பார்க்க 20 நிமிடம் நிமிர்த்தி வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவி, தோலையும் அதை ஒட்டிய மஞ்சள் படலத்தையும் சீவி, கண்ணாடி போன்ற உட்கூழை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது, சாற்றின் கடுமை: 100 கிராம் பூந்தியும் 100 கிராம் சீயக்காயும் வற்றி ஒரு லீற்றருக்கும் குறைவாக நின்ற சாற்றைத் தண்ணீர் கலக்காமல் தேய்த்தார்கள். மூன்றாவது, அது அப்போது கெட்டிருந்தது.

மூன்றில் எது என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிடப் பிரித்துப் பார்ப்பது நல்லது. புதிதாகக் காய்ச்சிய பூந்திச் சாறு ஒரு சொட்டு, கற்றாழைக் கூழ் ஒரு சொட்டு, சீயக்காய்ச் சாறு ஒரு சொட்டு என்று முழங்கை மடிப்பின் உட்புறத்தில் இடம் விட்டுத் தடவி, 10 நிமிடத்தில் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். இந்த வீட்டு மகளுக்குச் சிவந்தது பால் வடிக்காத கற்றாழை தடவிய இடம் மட்டும். பூந்தி விடுவிக்கப்பட்டது.

கண் விடயத்தில் அதற்கு விடுதலை இல்லை. சபோனின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், ஐதாக்கினாலும் எரியும். தலையை முன்னால் கவிழ்த்துத் தேய்க்காமல் பின்னால் சாய்த்துத் தேய்ப்பது ஒன்றே வழி. பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரால் 10, 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பூந்தியைத் தவிர்த்துவிட்டுப் பாசிப்பயறு மாவோடு நிறுத்திக்கொள்வது எங்கள் விருப்பம்.

போத்தலை விட்டுப் பொட்டலத்துக்கு

மலையக வீட்டில் மூலிகை ஷாம்புவைத் திரவமாகச் சேமிக்கக் கூடாது. உலர்ந்த பொருளாக வைத்திருந்து, குளிக்கிற அன்று மட்டும் காய்ச்சிக்கொள்ள வேண்டும். தண்ணீர் சேராத வரை கிருமிக்கு வேலை இல்லை, பாதுகாப்பு மருந்துக்கும் தேவை இல்லை. இந்த வீட்டுக்குக் கொடுத்த மாற்று இதுதான்.

இடுப்பு வரை முடி உள்ள ஒருவருக்கு ஒரு குளியலுக்கான பொட்டலம்: கொட்டை நீக்கிய பூந்தித் தோல் 20 கிராம், விதை நீக்கி உடைத்த சீயக்காய் 10 கிராம், காய்ந்த நெல்லி 5 கிராம். கழுத்தளவு முடிக்கு இதில் பாதி. நிறுக்கும்போது கொட்டையைச் சேர்த்து நிறுக்கக் கூடாது. பூந்தியின் எடையில் பாதிக்குக் கிட்ட அந்தக் கறுப்புக் கொட்டைக்கே போய்விடும், நுரை தருவதோ மேல் தோல் மட்டும். பழைய பருத்திச் சேலைத் துண்டில் தளர்வாக மூட்டை கட்டிவிட்டால் பிறகு வடிகட்டும் வேலையே இல்லை. இறுக்கிக் கட்டினால் ஊறி உப்பும்போது நடுவிலுள்ள தோல் நனையாமலே கிடக்கும்.

முதல் நாள் இரவு பொட்டலத்தை அரை லீற்றர் தண்ணீரில் போட்டு மூடி வைக்க வேண்டும். மழை நாளில் ஊற்று நீர் கலங்கி வந்தால் தெளியவைத்து மேல் தண்ணீரை எடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தணலைக் குறைத்து 25 நிமிடம். ஹோவென்று கொதிக்கவிட்டால் நுரை பொங்கி அடுப்பை அணைக்கும். அகலமான, பாதிக்கு மேல் நிரப்பாத பாத்திரம் வேண்டும். 300 மில்லிலீற்றர் அளவுக்கு வற்றியதும் இறக்கி, கைபொறுக்கும் சூட்டில் மூட்டையை நன்றாகப் பிசைந்து பிழிந்தால் தேநீர் நிறத்தில் வழவழப்பான சாறு வரும். கையில் தேய்த்தால் வெள்ளை நுரை நிற்க வேண்டும். நுரை உடனே உடைந்தால் பூந்தி பழசு, அல்லது ஈரத்தில் கிடந்த சரக்கு.

பாத்திரம் துருப்பிடிக்காத உருக்கு, எனாமல், மண்சட்டி இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நெல்லியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இரும்புச் சட்டியில் நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சாற்றைக் கறுப்பாக்கும். நரைக்குச் சாயம் போடுபவர்கள் வேண்டுமென்றே செய்வது அது. ஷாம்புவில் வந்தால் துவாயும் தலையணையும் கறைபடும்.

வழவழப்புச் சேர்க்கும் பொருட்களை அடுப்புக்குக் கொண்டுபோகவே கூடாது. செவ்வரத்தை இலை 8, 10 எடுத்துக் கழுவி, 100 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, துணியில் வடித்து, ஆறிய சாற்றில் கலந்தால் அந்தக் குளியலுக்கு அதுவே கண்டிஷனர். வெந்தயம் போட விரும்பினால் ஒரு தேக்கரண்டி மட்டும், இரவில் தனியாக ஊறவைத்து அந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். மற்றதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் எல்லாம் கூழாகி, எந்தத் துணியிலும் இறங்காது. செவ்வரத்தை, வெந்தயம், கற்றாழை மூன்றையும் ஒரே நாளில் சேர்ப்பது தேவையற்ற ஆடம்பரம். ஒன்று போதும்.

குளிக்கும் முறைதான் இந்த வீட்டில் அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தது. எண்ணெய் வைப்பது குளியலுக்கு அரை மணி நேரத்துக்கு முன், அதுவும் இரண்டு தேக்கரண்டி. தலைக்கு ஊற்றுவது பீலித் தண்ணீர் அல்ல, முழங்கையில் ஊற்றினால் இதமாகத் தெரியும் 38, 40 பாகை வெந்நீர். இரண்டு வாளி வேண்டாம். தலைக்கு ஒரு வாளி, உடம்புக்குப் பீலி என்று பிரித்தால் விறகும் மிச்சம். சாற்றில் பாதியை அதே அளவு வெந்நீர் கலந்து ஊற்றித் தேய்க்க வேண்டும். முதல் தேய்ப்பில் நுரை குறைவாகத்தான் வரும், எண்ணெய் அதைத் தின்றுவிடும். அலசிவிட்டு மீதிப் பாதியைத் தேய்த்தால் நுரை நிற்கும். அதுவே எண்ணெய் போனதற்கு அடையாளம். பாட்டி எண்ணெயைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. அவருக்கு மட்டும், சலித்த பாசிப்பயறு மா 2 மேசைக்கரண்டியை வெந்நீரில் கரைத்து முதலில் தேய்த்து அலசிய பிறகு பூந்திச் சாறு என்று வைத்ததில் ஒட்டல் நின்றது. குளிர்ந்த நீரில் அந்த மா திரண்டு முடியில் தங்கும்.

தேசிக்காய்ச் சாறு கட்டாயமில்லை. விரும்பினால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கடைசி அலசலுக்கு. நெற்றியிலும் கழுத்திலும் சாறு நின்ற நிலையில் கொழுந்து பறிக்க வெயிலுக்குப் போனால், தேசிக்காயிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டதுபோல் கருக்கும். நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெளியே இறங்க வேண்டும்.

உலர்த்தல், அரைத்தல்

பூந்தி, சீயக்காய், நெல்லி, வேப்பிலை எதுவும் உயர்ந்த மலைத் தோட்டத்துச் சரக்கல்ல. பூந்தியும் வேம்பும் உலர் வலயத்து மரங்கள். ஹட்டன், பதுளை, கண்டி நகரங்களின் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குவதே நடைமுறை. சிங்களக் கடையில் பூந்திக்கு ‘பெனெல’ என்று கேட்க வேண்டும். வாங்கும்போது தோல் சுருங்கி, பழுப்பாக, ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்துப் பிசுக்கென்று கையில் ஒட்டுவது ஈரம் ஏறிய சரக்கு.

வாங்கியதை மீண்டும் ஒருமுறை உலர்த்தாமல் மலையகத்தில் அடைத்து வைக்கக் கூடாது. எப்போது உலர்த்துவது என்பதற்குத் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த நாட்காட்டி ஒன்று உண்டு. டிம்புல பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தரக் காலம், ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் வீசும் வறண்ட காற்றே கொழுந்தின் மணத்தைக் கூட்டுகிறது. இலையையும் பூவையும் உலர்த்தவும் அதே காற்றுத்தான் வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் ஆண்டு நடுவிலும் ஆறு மாதச் சரக்கை முடித்துவிடலாம். இந்த வீட்டார் ஜூனில், ஹட்டனில் தொடங்கினார்கள். அதைவிட மோசமான மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

மழைக்காலத்தில் தவிர்க்க முடியாவிட்டால் அவன் அடுப்பில் (oven) 50, 60 பாகை, கதவைச் சற்றுத் திறந்து வைத்து 2, 3 மணி நேரம். விறகடுப்புக்கு மேல் பரணில் வைத்தாலும் உலரும், ஆனால் புகை வாடை ஏறும். துணியால் மூடி வைத்தால் கொஞ்சம் குறையும். சட்டியில் வறுப்பது நல்ல யோசனை இல்லை, நெல்லி கருகிவிடும்.

உலர்ந்ததா என்று காண: பூந்தித் தோல் வளையாமல் ‘டக்’ என்று முறிய வேண்டும், இலை கசக்கினால் பொடிய வேண்டும். அதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் உட்சுவரில் ஆவி படிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த பிறகு ஜாம் போத்தல் போன்ற இறுகிய மூடியுள்ள கண்ணாடியில், வறுத்து ஆறிய அரிசி ஒரு மேசைக்கரண்டியைத் துணியில் முடிந்து அடியில் போட்டு வைத்தால், திறக்கும்போது நுழையும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கட்டி தட்டினாலும் பூஞ்சண வாடை வந்தாலும் முழுவதையும் வீசிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் வைத்து மீட்க முடியாது.

பொடியாகவே வேண்டும் என்பவர்களுக்கு: சீயக்காய் 500 கிராம், பூந்தித் தோல் 250, பாசிப்பயறு 250, காய்ந்த நெல்லி 100, வெந்தயம் 100, நிழலில் உலர்த்திய செவ்வரத்தைப் பூ 50, கறிவேப்பிலை 50. நகரத்து மில்லில் கொடுத்து அரைக்கும்போது ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: முன்னால் என்ன அரைத்தார்கள் என்று. மிளகாய்த்தூள் அரைத்த கல்லில் இதைப் போட்டால் உச்சந்தலை எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அரிசி மாவுக்குப் பிறகு போடச் சொல்லி, முதலில் விழும் இரண்டு கைப்பிடியைத் தள்ளிவிடுங்கள். பூந்தித் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குளியலுக்கு 3 மேசைக்கரண்டிப் பொடியை ஒரு கோப்பை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துணியில் வடித்து நீரை மட்டும் பாவித்தால் தூள் ஒட்டாது. நேராகக் குழைத்துத் தேய்க்கும் பழைய முறைக்கு ஆற்று நீரும் அரை மணி நேர அலசலும் வேண்டும்.

திரவம்தான் வேண்டும் என்றால்

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டுக்கு எளிய வழி, வழவழப்புப் பொருள் சேராத தெளிந்த சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் உறையவைப்பது. தேவைப்படும் நாளில் 6, 8 கட்டிகளை வெந்நீரில் போட்டால் முடிந்தது. இரண்டு மாதம் தாங்கும். கீழ்த்தட்டில் உறையாமல் வைப்பது நான்கு நாளுக்கு மட்டும்.

வெளியே வைக்க வேண்டுமானால் பாதுகாப்பு மருந்து இல்லாமல் முடியாது. ஒரு லீற்றர் தெளிந்த சாற்றுக்கு சோடியம் பென்சோவேற்று 5 கிராம், பொற்றாசியம் சோர்பேற்று 3 கிராம். இரண்டையும் முதலில் கரைத்த பிறகே சிற்றிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சோதனைத் தாள் பி.எச். 4.5 காட்டும் வரை கொண்டுவர வேண்டும். வரிசையை மாற்றி அமிலத்தை முதலில் போட்டால் பென்சோயிக் அமிலம் வெள்ளைத் துகளாகப் பிரிந்து அடியில் நிற்கும். அமிலம் எதற்கு என்றால், பென்சோவேற்று வேலை செய்வது பென்சோயிக் அமிலமாக மாறிய பங்கினால் மட்டும், 4.5இல் மூன்றில் ஒரு பங்கு அப்படி இருக்கும், 6க்கு ஏறினால் நூறில் இரண்டு கூடத் தேறாது. தாள் இல்லாமல் நாக்கில் வைத்துப் புளிப்புப் பார்த்து இதைச் செய்ய முடியாது. போத்தல் கண்ணாடியாக, 10 நிமிடம் கொதிநீரில் கிடந்து, கவிழ்த்து உலர்ந்ததாக இருக்க வேண்டும். இப்படிச் செய்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் நம்பக்கூடாது. இந்த இரண்டும் பூஞ்சணத்தையும் மதுவத்தையும் அடக்கும் அளவுக்கு எல்லாப் பற்றீரியாவையும் அடக்குவதில்லை. அக்கம்பக்கத்துக்கு விற்கும் யோசனையும் இந்த வீட்டில் எழுந்தது. ஆய்வுகூடச் சோதனை இல்லாத போத்தலை அடுத்தவர் தலைக்குக் கொடுக்க வேண்டாம், உலர்ந்த பொட்டலத்தைக் கொடுங்கள் என்றோம்.

பொடுகு

ஒட்டலும் அரிப்பும் நின்றன. மகளின் பொடுகு போகவில்லை. போகும் என்று எதிர்பார்த்ததே பிழை. பொடுகு பெரும்பாலும் தோல் எண்ணெயில் வாழும் மலசீசியா என்ற மதுவத்தோடு சேர்ந்த விடயம். பூந்தி எண்ணெயைக் குறைத்து உதிர்ந்த செதிலைக் கழுவும், அந்த அளவில் உதவும். தலையில் எண்ணெயை ஊறவிட்டால் அது கூடும். இரண்டு வாரம் பார்த்தும் குறையாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் கீற்றோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவைத்து அலசுவது நேரான வழி. மூலிகையை மற்ற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் செதிலாகவோ சீழாகவோ இருந்தால் பேச்சே வேறு. பிள்ளைகளுக்கு வரும் அந்தப் படர்தாமரைக்கு வாய்வழி மருந்து வேண்டும், தோட்ட மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ காட்டத்தான் வேண்டும்.

பிழிந்த சக்கையையும் கெட்டுப்போன இரண்டு போத்தலையும் என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. ஆற்றிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. சபோனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். மீன் பிடிக்க நஞ்சாகப் பூந்தியைக் கரைத்துவிடும் வழக்கமே உண்டு. சக்கையை உரக் குழியில் போடலாம். சாற்றைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஓடையை விட்டு விலகிய மண்ணில் ஊற்றலாம். பீலிக்குக் கீழே வாய்க்கால் நேராக ஓடையில் விழுகிற லயங்களில், தலை அலசுவதைப் பீலியடியில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுப் பக்கத்து மரக்கறிப் பாத்தியோரம் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.